கறிக்குச் சிவப்பு, மீனுக்கு வெள்ளை

“கறியா, மீனா?” என்று கேட்டார் பூந்தமல்லிக் கடைக்காரர் உலகநாதன்.

கோதண்டத்துக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஒயின் வாங்க வந்தவனிடம் கேட்கிற கேள்வியா இது?

“நான் இன்னா கசாப்புக் கடைக்கா வந்துகீறேன்? ஒயின் பாட்டில் ஒண்ணு குடுங்கன்னா குடுத்துட்டுப் போங்களேன்!”

“குடுக்கிறதுக்குத்தான் கேக்கிறேன் அண்ணாத்தே. ராத்திரி விருந்துல கறின்னா சிவப்பு, மீனுன்னா வெள்ள. இன்னா சமையல்னு தெரியாம எதை எடுக்கிறது? நீங்கதானே எனக்கே சொன்னீங்க?”

உண்மைதான். இந்தச் சட்டத்தை ஊரெல்லாம் பரப்பியதே அவன்தான்.

யுத்தகாலம். ஆவடியில் பட்டாளத்து அதிகாரிகள் சாப்பிடும் மெஸ்ஸில் அவன் ஸ்டோர் குமாஸ்தா. பாட்டில்களை அடுக்குவான், எண்ணுவான், பூட்டுவான். ஒரு சொட்டுகூட நாக்கில் பட்டதில்லை. மெஸ் பட்லர் ஏதோ பேச்சுவாக்கில் சொன்னதைக் காதில் வாங்கி வந்து, டீக்கடை பெஞ்சில் சிநேகிதர்கள் நடுவே உட்கார்ந்து, லண்டனிலேயே பிறந்து வளர்ந்தவன் போல எடுத்துவிட்டான்.

“கறிக்குச் சிவப்பு, மீனுக்கு வெள்ள. மாத்தி வச்சவன் காட்டான்!”

சம்பத்து வாயைப் பிளந்துகொண்டு கேட்டான். பாவம், அவன் எதையும் நம்புகிறவன். ஜானகிராமன் அப்படியில்லை. “சரி மாமே, ஞாயித்துக்கிழமை ராத்திரி சம்பத்து ஊட்ல சாப்பாடு. நாம மூணு பேர்தான். நீயே ஒயின் எடுத்தாந்துடு. வெவரம் தெரிஞ்சவன் எடுத்தாந்தாதானே நல்லாருக்கும்?” என்று சிரிக்காமல் சொல்லி மாட்டிவிட்டான்.

சாப்பிடக் கூப்பிட்டவன் சும்மா இருப்பானாம், சாப்பிடப் போகிறவன் பாட்டில் சுமக்க வேண்டுமாம்! எந்த ஊர் நியாயம் இது? ஆனால் மாட்டேன் என்றால் குட்டு வெளிப்பட்டுவிடும். தப்பான பாட்டிலோடு போனாலோ அதைவிட மோசம். ஜானகிராமன் ஆயுசுக்கும் ‘காட்டான்’ என்றுதான் கூப்பிடுவான். அதையும் மெல்லக் கூப்பிட மாட்டான், ஆவடி ஸ்டேஷன் முழுக்கக் கேட்கும்படி கூப்பிடுவான்.

“ஞாயித்துக்கிழமை அதுவுமா எவன் மீனாக்குவான்? கறிதான். சிவப்பே குடுங்க” என்றான் கோதண்டம்.

கடையில் மூட்டை தூக்கும் சின்னப்பையன் பாட்டிலுக்கு வைக்கோல் சுற்றிக் கட்டினான். பெயர்தான் சின்னப்பையன், மீசை நரைத்துவிட்டது.

“சம்பத்து ஐயா ஊட்டு விருந்துக்குங்களா? சிவப்புங்களா?”

“உன் வேலையப் பாருய்யா. உனக்கும் இதுல பங்கு வேணுமா?”

சைக்கிளில் பாட்டிலைக் கட்டிக்கொண்டு ஆவடிப் பக்கம் மிதித்தான். வழியில்தான் சென்னீர்குப்பம், சம்பத்தின் வீடு. சம்பத்தின் மனைவி பிரசவத்துக்குத் தாய்வீடு போயிருந்ததால் தாயம்மா என்பவள் வந்து சமைத்துப் போட்டுக்கொண்டிருந்தாள். அவள் கொல்லைப்புறம் உட்கார்ந்து கையில் எதையோ உரசிக்கொண்டிருப்பது வேலிக்கு மேலே தெரிந்தது. காற்றில் வாடை வந்ததும் கோதண்டம் சைக்கிளை நிறுத்தினான்.

“இன்னா தாயம்மா அது?”

“விரால் மீனுங்க ஐயா. ஏரியில புடிச்சது. துள்ளிகினு இருந்துச்சு.”

“ஞாயித்துக்கிழமை மீனா? உங்க ஐயாவுக்குப் புத்தி கித்தி கெட்டுப்போச்சா?”

தாயம்மா மீனையும் அவனையும் மாறி மாறிப் பார்த்தாள். அவன் சைக்கிளைத் திருப்பிவிட்டான்.

கடையில் சின்னப்பையனைக் காணோம். “இதோ வந்துடுறேன்னு ஓடினான். கட்டித்தர ஆளில்ல, உக்காருங்க” என்றார் உலகநாதன். சிவப்பை வாங்கி வைத்துக்கொண்டு வெள்ளையை எடுத்துக் கொடுத்தார். கோதண்டம் முக்காலியில் உட்கார்ந்து சம்பத்தைத் திட்டிக்கொண்டிருந்தபோது சின்னப்பையன் மூச்சிரைக்க வந்து சேர்ந்தான். கோதண்டத்தின் கையிலிருந்த வெள்ளைப் பாட்டிலைப் பார்த்தான். அவன் முகம் செத்துப்போயிற்று.

“ஐயா... வெள்ளைங்களா?”

“ஏன், வெள்ள வாங்கினா உங்கிட்ட உத்தரவு வாங்கணுமா? கட்டுய்யா!”

மறுபடியும் சென்னீர்குப்பம் நோக்கி மிதித்தான். பாதி வழியில் குறுக்குத் தெருவிலிருந்து ஜானகிராமன் தாமரை இலைப் பொட்டலம் ஒன்றைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு வேகவேகமாக வந்தான்.

“இன்னாடா கையில?”

“கறி, மாமே. சம்பத்து திடீர்னு ஓடியாந்து ‘கறி வாங்கியா, உடனே வாங்கியா’ன்னு உசிர எடுத்தான். ஊர்க் கடைல நல்லதா இல்லேன்னு இந்தப் பக்கம் வந்து வாங்கிகினு சுத்திப் போறேன்.”

“மீனு இன்னா ஆச்சு?”

“மீனா? எந்த மீனு?”

கோதண்டத்துக்குத் தலை சுற்றியது. இவன்கள் கூடிப் பேசிக்கொண்டு தன்னை ஆட்டிவைக்கிறான்களா? மனுஷன் என்றால் காலையில் ஒன்று நினைத்து அதையே ராத்திரி சாப்பிடுகிறவன். ஒருநாளைக்குள் மீன் கறியாக மாறுகிற வீடு வீடா? எதிர்வெயிலில் முகம் எரிய, ஜானகிராமனை அங்கேயே விட்டுவிட்டு மறுபடி பூந்தமல்லிக்கே திரும்பினான்.

“அண்ணாத்தே, இது இன்னா ஒயின் கடையா, லைப்ரரியா?” உலகநாதனுக்கே கோபம் வந்துவிட்டது. “எடுத்துகினு போறீங்க, திருப்பிக் குடுக்கிறீங்க, வேற எடுக்கிறீங்க!”

“உங்க கிட்ட வர்றதுக்கு எனக்கு மட்டும் ஆசையா? சிவப்பக் குடுங்க!”

இந்தத் தடவையும் சின்னப்பையன் எங்கிருந்தோ ஓடிவந்தான். சட்டை தொப்பலாக நனைந்திருந்தது. சிவப்பைப் பார்த்ததும் தலையில் கை வைத்துக்கொண்டு அப்படியே மூட்டை மேல் உட்கார்ந்துவிட்டான்.

“ஐயா, கொஞ்சம் யோசிச்சு ஒரே முடிவா எடுங்களேன்” என்றான் அழாத குறையாக.

மூட்டை தூக்குகிறவன் தனக்குப் புத்தி சொல்கிற காலம் வந்துவிட்டதே என்று கோதண்டம் குமுறினான். ஆத்திரத்தில் வைக்கோல்கூடச் சுற்றாமல் பாட்டிலைச் சட்டைக்குள் செருகிக்கொண்டு கிளம்பினான்.

இந்தத் தடவை ஏமாறக் கூடாது. சம்பத்தின் வீட்டுக் கொல்லைவேலிக்குப் பின்னால் ஒதுங்கி நின்று எட்டிப் பார்த்தான். அடுப்பின் மேல் மீன்குழம்பு கொதித்துக்கொண்டிருந்தது. பக்கத்தில் பாதி வெந்த கறிச்சட்டி இறக்கி வைக்கப்பட்டிருந்தது. தாயம்மா யாரையோ சபித்துக்கொண்டே புளி கரைத்தாள்.

கோதண்டம் தன் நெற்றியில் தானே அறைந்துகொண்டான். “அடப்பாவிங்களா!”

கடைசி முறையாகக் கடைக்குப் போனான். சின்னப்பையன் அங்கே இல்லை. கோதண்டம் தீபாவளிக்கு வேட்டி எடுக்க வைத்திருந்த ரூபாயை எடுத்து மேஜை மேல் அடித்து வைத்தான்.

“இந்தச் சிவப்பு கையில கீது. அந்த வெள்ளையயும் குடுங்க. ரெண்டும் வேணும். கறி ஆக்கட்டும், மீனு ஆக்கட்டும், ஆமையைக்கூட ஆக்கட்டும். இன்னிக்கு எவன் என்னைக் காட்டான்னு சொல்றான்னு பாத்துடறேன்!”

பொழுது சாய்ந்ததும் குளித்து, வெளுத்த சட்டை போட்டு, இரண்டு கைகளிலும் இரண்டு பாட்டில்களோடு சம்பத்தின் வீட்டுக்குள் நுழைந்தான். ஜானகிராமன் முன்பே வந்து சம்மணமிட்டு உட்கார்ந்திருந்தான். சம்பத்து வியர்வையைத் துடைத்துக்கொண்டு, “வா மச்சான், வா” என்றான். அவன் பார்வை பாட்டில்களின் மேல் போனது. “ரெண்டுமா?”

“ரெண்டும்தான்” என்றான் கோதண்டம் நெஞ்சை நிமிர்த்தி. “இலையப் போடு.”

இலை போட்டார்கள். தாயம்மா பரிமாறினாள். சோறு வந்தது, கீரை மசியல் வந்தது, சுட்ட அப்பளம் வந்தது. பிறகு ரசம் வந்தது. கோதண்டம் இன்னும் வரும் என்று காத்திருந்தான். அதற்குப் பிறகு மோர்தான் வந்தது.

ஜானகிராமன் இலையைப் பார்த்தான், பாட்டில்களைப் பார்த்தான், தொண்டையைச் செருமினான். “மாமே, வெவரம் தெரிஞ்சவன் நீதான் சொல்லணும். கீரைக்கு எது? சிவப்பா, வெள்ளையா?”

அவ்வளவுதான். காலையிலிருந்து அடக்கி வைத்த அத்தனையும் வெடித்தது.

“நீங்கள்லாம் மனுஷங்களாடா? காலைல மீனு, அப்புறம் கறி, மறுபடி மீனு, இப்ப கீரை! உங்க ஊட்டுச் சமையலுக்கு ஏத்தாப்பல பாட்டில மாத்தி மாத்தி, என் கால் ஒடிஞ்சுபோச்சு! வேட்டித் துணி போச்சு! ஒரு மனுஷனைக் கூப்பிட்டு வச்சு இப்படியாடா பழிவாங்குவீங்க?”

சம்பத்து எழுந்தான், உட்கார்ந்தான், மறுபடி எழுந்தான். “மச்சான், நீ பாட்டில மாத்தினது... எங்க சமையலுக்காகவா?” என்று திணறினான்.

“பின்ன, பாட்டிலுக்குக் காத்து வாங்கிக் குடுக்கவா சைக்கிள்ல ஏத்திகினு சுத்தினேன்?”

அடுக்களை வாசலில் தாயம்மா வந்து நின்றாள். ஒரு கையில் ரசக் கரண்டி, இன்னொரு கை இடுப்பில். கண்ணெல்லாம் புகையில் சிவந்திருந்தது. அவளுடைய ஆத்திரத்துக்கு முன்னால் கோதண்டத்தின் ஆத்திரம் வாலைச் சுருட்டிக்கொண்டது.

“இன்னாத்துக்குக் கத்துறீங்க ஐயா? எம் புருஷன் சின்னப்பையன் கடைலேர்ந்து குறுக்கு வழியா ஓடியாந்து ‘சிவப்பு வாங்கிட்டாரு’ன்னா கறிய ஏத்துறேன், ‘வெள்ள வாங்கிட்டாரு’ன்னா மீன ஏத்துறேன், காலைலேர்ந்து உங்க பாட்டிலுக்குப் பின்னாலயே எங்க அடுப்பு ஓடிகினு கீது. ஏத்தி எறக்கி, ஏத்தி எறக்கி கடசீல கறியும் மீனும் ரெண்டுமே கருகிப்போச்சு. பாட்டிலுக்கு ஏத்தாப்பல ஆக்கலேன்னா எங்க ஐயாவ நீங்க காட்டான்னுடுவீங்களாமே!”