சிறுத்தைக்கு முழு மதிப்பெண்

ஒரு காட்டில், ஆறு வளைந்து திரும்பும் மேட்டில், பல் போன, பார்வை மங்கிய விலங்குகளுக்கென்று ஓர் இல்லம் இருந்தது. நிம்மதி இல்லம் என்று அதற்குப் பெயர். தாண்டவராயன் என்ற கிழக்குரங்கு ஒரு மழைக்காலத்தின் முடிவில் அங்கே வந்து சேர்ந்தார். மாமரத்திலிருந்து தவறி விழுந்ததில் அவருக்கு இடுப்பு பிடித்துக்கொண்டிருந்தது. மகன்கள் இருவரும் தூரத்துத் தோப்புக்குக் குடிபோய்விட்டார்கள். போகிற வழியில் அப்பாவை இல்லத்தின் வாசலில் இறக்கிவிட்டு, "அடிக்கடி வருவோம்ப்பா" என்று சொல்லிவிட்டு, பேசிக்கொண்டிருக்கும்போதே அடுத்த கிளைக்குத் தாவிவிட்டார்கள்.

இல்லத்தின் தலைவி அன்பரசி, ஒரு முள்ளம்பன்றி. மனசு முழுக்கப் பாசம். வருகிறவர்களை எல்லாம் கட்டி அணைத்துத்தான் வரவேற்பாள். அவள் அணைத்துவிட்டு நகர்ந்ததும் மருந்து போடுவதற்கென்றே ஓர் ஆமை பின்னால் வரும். ஆமை என்பதால், அது வந்து சேரும்போது காயம் தானாகவே ஆறியிருக்கும்.

"ஐயா, இங்கே மரம் ஏறக் கூடாது" என்றாள் அன்பரசி.

"நான் குரங்கும்மா."

"தெரியும் ஐயா. அதனால்தான் உங்களிடம் சொல்கிறேன். யானையிடம் சொல்லவில்லை பாருங்கள்."

முற்றத்து நடுவில் ஒரு நாவல் மரம் நின்றது. தாண்டவராயன் அதைப் பார்த்துவிட்டுப் பெருமூச்சு விட்டார். அவருக்குத் தரையில் படுக்கை போட்டார்கள். தரையிலிருந்தும் விழுந்துவிடக் கூடாது என்று சுற்றிலும் மூங்கில் தடுப்பு வைத்தார்கள். தொண்டையில் சிக்கும் என்று வாழைப்பழத்தை மசித்து, வடிகட்டி, தண்ணீர் கலந்து கொடுத்தார்கள். குடித்துப் பார்த்தார். எப்போதோ ஒரு வாழைப்பழம் அந்த வழியாகப் போயிருக்கிறது என்று மட்டும் தெரிந்தது.

பக்கத்துப் படுக்கை பஞ்சவர்ணத்துடையது. மூட்டுவலிக்காரக் கிழ முயல். அவள் படுக்கைக்கு நேர் பின்னால் வேலியில் ஒரு திறப்பு இருந்தது. மேலே 'அவசர வழி' என்று எழுதியிருந்தது. வழிக்கு அந்தப் பக்கம் ஆள் உயரப் புல்.

"அண்ணே, புல்லுக்குள்ளேயிருந்து யாரோ என்னையே பாக்கற மாதிரி இருக்கு" என்றாள் பஞ்சவர்ணம்.

தாண்டவராயன் மோந்து பார்த்தார். இளமையில் எத்தனையோ முறை பிடித்த வாடை அது. சிறுத்தை.

இடுப்பைப் பிடித்துக்கொண்டே அன்பரசியிடம் போனார். "அந்த வழியை மூடுங்கம்மா."

"அவசர வழியை மூடினால் இல்லத்தையே மூடிவிடுவார்கள் ஐயா."

"அவள் படுக்கையையாவது இந்தப் பக்கம் மாற்றுங்கள்."

"ஆய்வாளர் பார்த்து ஒப்புக்கொண்ட இடம். நான் எப்படி மாற்றுவது?" என்ற அன்பரசியின் கண்களிலும் பயம் இருந்தது. "நாளைக்கு அவரே வருகிறார். அவரிடம் சொல்லிப் பாருங்கள். நான் சொன்னால் என் முள்ளைப் பற்றிப் பேச ஆரம்பித்துவிடுவார்."

மறுநாள் காலையில் ஆய்வாளர் சீராளன் வந்தார். நரி. வாலைத் தரையில் படவிடாமல் நடப்பார். வந்ததும் ஆமையின் ஓட்டைத் தட்டிப் பார்த்தார்.

"யாரையும் அடைத்து வைக்கக் கூடாது என்பது விதி. இவரை இதற்குள் அடைத்தது யார்?"

"அது அவர் ஓடு ஐயா" என்றாள் அன்பரசி.

"அடுத்த ஆய்வுக்குள் வெளியே எடுத்து வையுங்கள்."

ஆமை தலையை உள்ளே இழுத்துக்கொண்டது. தாண்டவராயன் முன்னால் வந்து சிறுத்தையைப் பற்றிச் சொன்னார். சீராளன் பொறுமையாகக் கேட்டார்.

"ஆபத்துகள் என்னென்ன என்று விதியில் தெளிவாக இருக்கிறது பெரியவரே. தீ, வெள்ளம், வழுக்கி விழுதல். சிறுத்தை இல்லை."

"சேர்த்துக்கொள்ளக் கூடாதா?"

"சேர்க்கலாமே. அதற்கு முதலில் ஒரு சிறுத்தை வந்து யாரையாவது ஏதாவது செய்திருக்க வேண்டும்."

"செய்துவிட்டால்?"

"அடுத்த ஆய்வில் கட்டாயம் கவனிப்போம்."

அவர் சொல்லி முடிக்கவும் புல் விலகியது. சிங்காரம் என்ற சிறுத்தை அவசர வழியாக உள்ளே வந்தது. அதற்கும் வயதாகிவிட்டது, மானைத் துரத்த முடியாமல் மூட்டுவலிக்காரர்களைத் தேடத் தொடங்கியிருந்தது. வழியில் போட்டிருந்த சாக்கில் நான்கு காலையும் துடைத்தது. பானைத் தண்ணீரில் நகங்களைக் கழுவியது.

"பார்வை நேரம்தானே?" என்று மெல்லிய குரலில் கேட்டது.

சீராளனுக்கு மனம் குளிர்ந்துவிட்டது. "ஆமாம். யாரைப் பார்க்க வந்தீர்கள்?"

"பஞ்சவர்ணத்தை."

"நெருங்கியவரா?"

"இன்னும் இல்லை" என்றது சிங்காரம். "இனிமேல்தான்."

அடுத்து என்ன செய்வது என்று தாண்டவராயன் யோசிக்கவில்லை. இடுப்பையும் மறந்து ஒரே தாவில் நாவல் மரத்தில் இருந்தார். தொண்டை கிழியக் கத்தினார். காட்டில் பிறந்த எந்த விலங்குக்கும் விளக்கம் தேவைப்படாத கத்தல் அது. யானை வேலியைப் பெயர்த்துக்கொண்டு ஓடியது. ஒரு வருஷமாக எழுந்து நிற்காத பன்றி யானையை முந்தியது. பஞ்சவர்ணம் மட்டும் எழ முடியாமல் படுக்கையிலேயே கிடந்தாள். தாண்டவராயன் அவள் படுக்கைக்கு மேல் நீண்டிருந்த கிளையில் வாலால் தொங்கி, இரண்டு கையாலும் அவளை அள்ளி மேலே இழுத்தார்.

சிங்காரம் பாய்ந்தது. அதற்குள் அன்பரசி குறுக்கே வந்து நின்றுவிட்டாள். கண்ணை இறுக மூடிக்கொண்டு நின்றாள். முயலுக்காகத் திறந்த வாய் முள்ளம்பன்றியின் முதுகில் மூடியது.

சிறுத்தை போட்ட அலறலில் நாவல் பழங்கள் உதிர்ந்தன.

"ஐயோ, அடிபட்டுவிட்டதே!" என்று பதறிய அன்பரசி, பழக்க தோஷத்தில் அதைக் கட்டி அணைத்தாள்.

எல்லாம் அடங்கிய பிறகு சீராளன் தொண்டையைக் கனைத்துக்கொண்டு முடிவைச் சொன்னார். "தாண்டவராயன் மரம் ஏறினார், சத்தம் போட்டார், துணைக்கு ஆள் இல்லாமல் ஒரு மூத்தவரைத் தூக்கினார். பஞ்சவர்ணம் அனுமதி இல்லாமல் மேலே போனார். மற்றவர்கள் ஓடினார்கள். இத்தனை பேரையும் இன்றைக்கே வெளியேற்ற வேண்டும். சிங்காரம் அவர்கள் உரிய வழியில், உரிய நேரத்தில், சுத்தமான கால்களோடு வந்தார். அமைதியாகப் பேசினார். அவருக்கு முழு மதிப்பெண். தவிர, இந்த இல்லத்துக்குள் காயம்பட்டவர் அவர் ஒருவர்தான். குணமாகும்வரை இங்கேயே வைத்துப் பராமரிப்பது நம் கடமை."

தாண்டவராயனுக்கு முதலில் பயமாகத்தான் இருந்தது. எங்கே போவது? வேலிக்கு வெளியே ஓர் அத்திமரம் இருந்தது. மேலே அவரும் வேருக்கடியில் பஞ்சவர்ணமும் குடியேறினார்கள். முதல் பழத்தை விதையும் தோலுமாக மென்று விழுங்கினார். புரையேறியது. கண்ணில் நீர் வர இருமிவிட்டு இன்னொன்றைப் பறித்தார். அந்த வருஷம் முழுக்க யாரும் வழுக்கி விழவில்லை என்பதற்காக நிம்மதி இல்லத்துக்குக் காட்டிலேயே சிறந்த இல்லம் என்று விருது கொடுத்தார்கள். அன்பரசியையும் ஆமையையும் தவிர உள்ளே விழுவதற்கு ஒருவர்தான் இருந்தார். அவரைச் சுற்றி மூங்கில் தடுப்பு இருந்தது.

ஒரு நாள் மத்தியானம் வேலிக்கு அந்தப் பக்கத்திலிருந்து குரல் வந்தது. "அண்ணே..."

சிங்காரம். இளைத்துப் பாதியாகியிருந்தது.

"இங்கேயிருந்து வெளியே அனுப்பறதுக்கு நீங்க என்னண்ணே செஞ்சீங்க?"

"அவசர வழி திறந்துதானே இருக்கு தம்பி?"

"உள்ளே இருக்கறவங்க அதுல போகணும்னா தீயோ வெள்ளமோ வரணுமாம்."

"மரம் ஏறிப் பாரேன்."

"ஏறினேன். நல்ல பேரு எடுத்தவனாச்சேன்னு மன்னிச்சுட்டாங்க. உறுமினேன். தொண்டை வலின்னு கஷாயம் குடுத்தாங்க. நேத்து அந்த ஆய்வாளரையே கடிச்சேன் அண்ணே. முள்ளு குத்தின வாயில பல் ஏது? முத்தம் குடுத்தேன்னு நெனச்சு எனக்குப் பொன்னாடை போத்திட்டுப் போறாரு."

பஞ்சவர்ணம் வேருக்கடியிலிருந்து மெதுவாக வெளியே வந்தாள். சற்று நேரம் சிறுத்தையைப் பார்த்தாள். பிறகு ஓர் அத்திப்பழத்தை வேலி இடுக்கு வழியாக உருட்டிவிட்டாள். வடிகட்டாத, முழுப் பழம். சிங்காரம் இரண்டு பக்கமும் பார்த்துவிட்டு, அதை ஈறாலேயே மென்று, கண் கலங்க விழுங்கியது.

நீதி: ரொம்ப ஒழுங்காக நடந்துகொள்ளாதீர்கள். அங்கேயே வைத்துக்கொள்வார்கள்.