அண்ணாச்சி வண்டியின் மூச்சை அடைத்த விவரம்

உ
சிவமயம்

பாளையங்கோட்டை,
ஸ்ரீமுக வருடம், தை 6

மகாகனம் பொருந்திய அண்ணாச்சி சிவசைலம் அவர்களுக்கு, தம்பி பாபநாசம் வணங்கி எழுதிக்கொண்டது. இங்கு நானும் கோமுவும் உடம்புக்குச் சுகம். மனசுக்குச் சுகமில்லை. பம்பாயில் தாங்களும் மதினியும் பேரப்பிள்ளையும் சுகமாக இருக்கக் காந்திமதி அம்மன் துணை. வண்டி சுகமா என்று அடுத்த வரியில் தேடுவீர்கள். வண்டி சுகம். அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் இனி எழுதப்போகிற எதுவும் சுகமான சமாசாரம் இல்லை.

நீங்கள் ரயிலேறிய அன்று, தூத்துக்குடியில் வேலை முடித்துப் போன வெளிநாட்டுக் கம்பெனியிடம் வாங்கிய அந்த ஜப்பான் பிக்கப் வண்டியின் சாவியை என்னிடம் கொடுத்து, "வாரத்துக்கு ஒருக்கா ஸ்டார்ட் பண்ணி வையிலே, உள்ள மட்டும் கைய வச்சிராத" என்று சொன்னீர்கள். நானும் தலையாட்டினேன். ஆனால் மார்கழி பிறந்ததிலிருந்து வண்டி நிற்கிற இடத்தில் ஒரே பெட்ரோல் வாடை. "ரசம் கொதிச்சாலும் பெட்ரோலாத்தான் மணக்கு, என்னன்னு பாருங்களேன்" என்று கோமு தினமும் நச்சரிக்க, தாலுகா ஆபீசில் தலைமை எழுத்தராக இருந்து எத்தனையோ வில்லங்கங்களைப் பிரித்துப் பார்த்தவன் ஒரு பானெட்டைத் திறந்து பார்க்கக் கூடாதா என்று திறந்தேன். ஓரமாகப் பால் பவுடர் டின் மாதிரி ஒரு கறுப்பு டப்பா. டேங்கிலிருந்து ஒரு ரப்பர் குழாய் அதற்கு வருகிறது, அதிலிருந்து இன்னொரு குழாய் கார்புரேட்டருக்குப் போகிறது. பெட்ரோல் போகத்தான் தனியாக ஒரு குழாய் இருக்கிறதே, இது எதற்கு என்று, டேங்கிலிருந்து வந்ததைப் பிடுங்கி முகர்ந்தேன். நுனி வெடித்திருந்தது, ஆவி குபீரென்று மூக்கில் ஏறியது. ஆக அண்ணாச்சியின் பெட்ரோல் இந்த வழியாகத்தான் காற்றோடு போகிறது என்று தீர்ப்பு எழுதி, குளுக்கோஸ் பாட்டிலின் ரப்பர் மூடியால் அந்தக் குழாயின் வாயை அடைத்து, கம்பி சுற்றி இறுக்கினேன். வாடை அன்றைக்கே நின்றது. தெருவில் நாலு பேரிடம் பெருமையாகச் சொல்லவும் செய்தேன்.

நம்ம சித்ரலேகாவுக்கு இது தலைப்பொங்கல் அல்லவா. பொங்கல்படியை பஸ்ஸில் கொண்டுபோய் இறக்கினால் ராதாபுரத்து மாமியார் வீட்டில் நம்ம பிள்ளைக்கு என்ன மதிப்பு இருக்கும் என்று கோமு சொன்னாள். உங்களைக் கேட்காமலே வண்டியை எடுத்தேன். பானை, பச்சரிசி, வெல்லம், கரும்புக் கட்டு, மஞ்சள்குலை, சேனை, பனங்கிழங்கு, மாப்பிள்ளை கணேஷ்ராமுக்குப் பட்டுக்கரை வேட்டி என்று பின்னால் ஏற்றிக்கொண்டு போகிறோம், நாங்குநேரி தாண்டியதும் வண்டி இருமியது, குலுங்கியது, நின்றுவிட்டது. பெட்ரோல் இருக்கிறதா பார்ப்போம் என்று டேங்க் மூடியைத் திறந்தால் புஸ்ஸென்று காற்றை உள்ளே இழுக்கிறது. மூடிவிட்டு ஸ்டார்ட் செய்தேன், ஓடியது. கொஞ்ச தூரத்தில் மறுபடியும் நின்றது. மறுபடியும் திறந்தேன், மறுபடியும் புஸ். "ஏங்க, அன்னைக்கு ஒரு குழாய அடைச்சீயளே, அதுதான் வேலையக் காட்டுதோ" என்று கோமு கேட்டாள். "அதுக்கும் இதுக்கும் என்ன சம்பந்தம், சும்மா இரி" என்றேன். அவள் கேட்டுவிட்டாள் என்பதற்காகவே அந்தக் குழாயைத் தொடக் கூடாது என்று எனக்கு ஒரு வீம்பு வந்துவிட்டது அண்ணாச்சி. நல்ல நேரம் வேறு போய்க்கொண்டிருக்கிறது. மூடியைக் கழற்றிப் பையில் போட்டுக்கொண்டு, பின்னால் கைக்குச் சிக்கிய ஒரு துணியைத் தளர்வாக டேங்கின் வாயில் செருகினேன். வண்டி நிற்காமல் ஓடியது. வள்ளியூர் தாண்டிப் பள்ளத்திலும் மேட்டிலும் பெட்ரோல் தளும்பித் துணியெல்லாம் ஊறியது. ராதாபுரத்தில் இறங்கிப் பார்த்தபோதுதான் அது மாப்பிள்ளையின் பட்டுக்கரை வேட்டி என்று தெரிந்தது.

அதை உருவி ஒளிப்பதற்குள் சம்பந்தி நடராஜ பிள்ளை, அவர் வீட்டம்மா உலகம்மாள், அவர்களுடைய தெருக்காரர்கள் எல்லாரும் வாசலுக்கு வந்துவிட்டார்கள். "வாங்க மதினி, வாங்க" என்று சம்பந்தியம்மா சிரித்த முகமாக ஆரத்தித் தட்டோடு வருகிறார்கள். தலைப்பொங்கல் படி என்பதால் வண்டிக்கும் சேர்த்துச் சுற்றப்போகிறார்கள். தட்டின் நடுவில் வெற்றிலை மேல் கற்பூரம் எரிகிறது, அது நேராக டேங்கைப் பார்த்து வருகிறது. பெட்ரோல் என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சொன்னால் படி மொத்தமும் பெட்ரோல் வாடை என்று ஊர் பேசுமே என்ற கூச்சத்தில், பாய்ந்து போய்க் கன்னம் உப்ப ஊதி ஆரத்தியை அணைத்துவிட்டேன். பெண்ணைப் பெற்றவன், சம்பந்தி வாசலில், முதல் பொங்கலுக்கு, ஆரத்தியை வாயால் ஊதி அணைத்தான் அண்ணாச்சி. கூட்டத்தில் ஒருத்தன், "பொறந்தநாளு கேக்குன்னு நெனச்சிட்டாரு வே" என்றான். சம்பந்தியம்மா புகைகிற தட்டோடு அப்படியே நின்றார்கள். சித்ரலேகா என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டாள். படியை இறக்கினோம், வேறு வழியில்லாமல் வேட்டியையும் மடித்து அதோடு வைத்தேன், காப்பி கொடுத்தார்கள், குடித்தோம், வந்துவிட்டோம்.

திரும்பும்போது ஊர் எல்லையில் கோமு வண்டியை நிறுத்தச் சொல்லி, தானே இறங்கி அந்த ரப்பர் மூடியைப் பிடுங்கி எறிந்தாள். டேங்க் மூடியையும் பூட்டினோம். வீடு வரை வண்டி ஒருமுறைகூட நிற்கவில்லை.

மறுநாள் பானெட்டின் உட்பக்கம் ஆயுத பூசைக்கு நான் அப்பிய சந்தனத்தைத் துடைத்தேன். அடியில் ஒரு காகிதம் ஒட்டியிருக்கிறது, எந்தக் குழாய் எங்கே போக வேண்டும் என்று படமே போட்டிருக்கிறார்கள். மெக்கானிக்கிடம் கேட்டேன், அந்தக் கறுப்பு டப்பாவுக்குள் கரியாம். வண்டி சும்மா நிற்கும்போது டேங்கிலிருந்து கிளம்புகிற ஆவியை அந்தக் கரி பிடித்து வைத்துக்கொள்ளுமாம், ஓடும்போது இஞ்சின் அதை உறிஞ்சி எரித்துக்கொள்ளுமாம். பெட்ரோல் குறையக் குறைய டேங்கு காற்றை வாங்குவதும் அந்த வழியாகத்தான். அவசரத்துக்கு மூடியிலும் ஒரு பொடித் துவாரம் இருக்கிறது, அதில் நான் வைத்த சந்தனப் பொட்டு காய்ந்து கிடக்கிறது. மேல்மூச்சு கீழ்மூச்சு இரண்டையும் அடைத்துவிட்டு, நாங்குநேரி ரோட்டில் அந்த வண்டியைக் கழுதை என்று திட்டியிருக்கிறேன். வெடித்த நுனியை வெட்டிவிட்டுத் திரும்பச் செருகியிருந்தால் முடிந்திருக்கும். இப்போது அப்படியே செருகிவிட்டேன், வாடையும் இல்லை.

ஆனால் பொங்கல் கழிந்தும் பெண்ணும் மாப்பிள்ளையும் விருந்துக்கு வரவில்லை, ஒரு தகவலும் இல்லை. என் பிள்ளை அங்கே என்ன பேச்சுக் கேட்கிறாளோ என்று சோறு இறங்கவில்லை. சம்பந்தம் பேசி முடித்தது நீங்கள். நீங்களே வந்து, தம்பி கொஞ்சம் கிறுக்கன், மனசில் ஒன்றுமில்லை என்று சம்பந்தியிடம் சொல்லி, பிள்ளையைத் தலைநிமிர வைக்க வேண்டும். அந்த வாசலை மிதிக்க எனக்கு முகமில்லை. மதினிக்கு என் வணக்கம், பேரனுக்கு நெல்லையப்பர் திருநீறு இத்துடன் மடித்து வைத்திருக்கிறேன். சகல மங்களமும் உண்டாகட்டும்.

இப்படிக்கு,
தலைகுனிந்த தம்பி,
பாபநாசம்

பி.கு.: மேலே எழுதிய எதையும் யாரிடமும் மூச்சு விடாதீர்கள். கவரை ஒட்டப்போகும் நேரம் சித்ரலேகாவும் மாப்பிள்ளையும் வந்து இறங்கினார்கள். "அத்தை அன்னைக்கே கேட்டாவப்பா. எங்க வீட்டுல அதுதான் வழக்கம், தலைப்பொங்கல் படி கொண்டாந்தா பொண்ணப் பெத்தவுக ஆரத்திய ஊதி அமத்தணும்னு சொல்லிட்டேன்" என்கிறாள். ஏன் பிள்ளை பொய் சொன்னாய் என்றால், "ஒங்கள யாராச்சும் சிரிச்சா எனக்குத் தாங்காதுப்பா" என்கிறாள். வேட்டியை மாப்பிள்ளை ஒன்றும் கேட்காமல் கட்டிக்கொண்டு, பொங்கல் பானைக்கு ரொம்பத் தள்ளியே நின்றாராம். அவள் மானத்துக்காகப் படி கொண்டுபோனவன் நான், என் மானத்தை அவள் காப்பாற்றியிருக்கிறாள். அடுக்களைக்குப் போய் அழுதுவிட்டு வந்துதான் இதை எழுதுகிறேன். தைப்பூசத்துக்குச் சம்பந்தி வீட்டார் இங்கே வருகிறார்கள். நம் வழக்கத்துக்கு மரியாதை செய்ய வேண்டும் என்று நடராஜ பிள்ளை வீட்டில் கற்பூரம் ஏற்றி ஊதிப் பழகுகிறாராம். நீங்களும் கட்டாயம் வர வேண்டும். சமாதானம் பேச அல்ல. குடும்பத்தில் மூத்தவர் நீங்கள் இருக்க, நான் முந்தக் கூடாது. கோமுவிடம் கற்பூரத்தைச் சின்னதாகவே வைக்கச் சொல்லியிருக்கிறேன், ஒரே மூச்சில் ஊதிவிடுங்கள் அண்ணாச்சி.