ஐந்நூறைத் தாண்டாத மனிதர்

மின்சாரத்தைக் கண்டு அஞ்சும் மனிதர் பலர். மின்சாரமே கண்டு அஞ்சிய மனிதர், நானறிந்தவரை, எங்கள் புதுப்பட்டினத்துத் தெருவில் வாழும் ஐந்நூறார் ஒருவரே.

அவருடைய இயற்பெயர் தெருவில் எவர்க்கும் நினைவில்லை. இரு மாதத்தில் ஐந்நூறு அலகைத் தாண்டினால் மின்கட்டணம் அடுத்த படிக்குத் தாவிவிடும் என்பதே அவர் வாழ்வின் ஒற்றை அச்சம், ஆகவே அப்பெயர். பேருந்து ஓட்டுநராய் இருந்து ஓய்வு பெற்றவர். நிறுத்தந்தோறும் எஞ்சினை அணைத்து டீசலை மிச்சம் பிடித்த கை, பின்னர் வீட்டுப் பொத்தான்களின்மேல் இறங்கிற்று. மனைவி தண்ணீர் குடிக்க எழுந்தால் மின்விசிறி நின்றுவிடும்.

"இன்னாங்க இது? திரும்பி வந்து குந்தறதுக்குள்ள..."

"வண்டியில ஆளே இல்ல, எஞ்சின் எதுக்கு ஓடணும்?"

படாளத்திலிருந்து மைத்துனர் வந்தால், வரவேற்புக்கு முன் விசாரணை நடக்கும்: "போன்ல சார்ஜு ஏத்திகினு வந்தியா மச்சான்?" மகள் வாங்கித் தந்த ஏ.சி. மூன்றாண்டுகளாய்ப் பழைய வேட்டியைப் போர்த்திக்கொண்டு சுவரில் தவமிருந்தது. அதன் ரிமோட் பீரோவில், வீட்டுப் பத்திரத்தோடு.

நானும் நகைத்தவன்தான். ஆனால் தமிழாசிரியப் பணியிலிருந்து ஓய்வு பெற்ற மாதமே அவரிடம் மாணவனாய்ச் சேர்ந்தேன். ஓய்வூதியம் நின்ற இடத்திலேயே நின்றது. என் இல்லாளின் இளைப்பு நோய்க்கான மருந்துச் செலவோ மாடிப்படி ஏறிற்று. உண்ணும்போதும் உறங்கும்போதும் நெஞ்சில் ஒரே கழித்தற் கணக்கு. ஐந்நூறார் என் வீட்டைப் பார்வையிட்டுத் தீர்ப்பளித்தார்.

"இன்னா வாத்தியாரே, இந்த இன்வெர்ட்டரு சும்மாவே கரண்டு குடிச்சிகினு கீது! தள்ளி வுடு."

விற்றுவிட்டேன்.

சென்ற கோடையில் மின்கணக்கு எடுப்பவர் நான்கு நாள் தாமதித்தார். ஐந்நூறார் வீட்டில் அளவு நானூற்றுத் தொண்ணூற்றேழை எட்டிவிட்டது. அவர் மெயின் சுவிட்சையே அணைத்துவிட்டு, மனைவியோடு வேப்பமரத்தடியில் விசிறி மட்டையுடன் அமர்ந்தார்.

"நாளைக்கு ஆளு வந்துடுவாரு வாத்தியாரே. அதுவரைக்கும் வண்டி ஷெட்டுல."

அன்று நண்பகல் எங்கள் வரிசைக்கு மட்டும் மின்சாரம் போயிற்று. புழுக்கத்தில் என் மனைவிக்கு இளைப்பு மிகுந்தது. ஒரு சொல்லுக்கு மும்முறை மூச்சு வாங்கினாள். மருந்தை ஆவியாக்கித் தரும் கருவி மேசைமேல் ஊமையாய்க் கிடந்தது. ஆட்டோக்காரரை அழைத்தேன், "முட்டுக்காட்டுல கீறேன் சார்" என்றார். விற்றுவிட்ட இன்வெர்ட்டர் என் கன்னத்தில் அறைவது போலிருந்தது. ஒரு கையில் கருவியும் மறுகையில் அவளுமாய் எதிர்வரிசைக்கு நடந்தேன்.

ஐந்நூறார் ஒரு கேள்வியும் கேட்கவில்லை. "உள்ள கூட்டிகினு வா!" என்று ஓடி மெயினைப் போட்டார். கருவி உறுமிற்று. அத்தோடு நின்றாரா? ஏ.சி.யின் வேட்டியை உருவினார். பீரோவைத் திறந்து ரிமோட்டை எடுத்தார்.

"ஐயோ, மீட்டரு ஓடுதுங்க!" என்றார் அவர் மனைவி, பழக்கத்தால்.

"ஓடட்டும். ஆளு ஏறிட்டாங்கல்ல? வண்டி கெளம்பணும்."

மாலைக்குள் என் மனைவியின் மூச்சு சீரடைந்தது. அதுவரை ஏ.சி. நிற்கவில்லை. மறுநாள் கணக்கெடுப்பவர் வந்தார். தெருவே வாயிற்படிகளில் நின்று பார்த்தது.

"இன்னா சார், நாலு யூனிட்டு தாண்டிகினு கீது?"

"எழுதிக்கப்பா," என்றார் ஐந்நூறார். பிறகு என்னை ஏறிட்டுப் பார்க்காமலே, "அந்த இன்வெர்ட்டர நான்தான்..." என்று தொடங்கி, முடிக்காமல் உள்ளே போய்விட்டார்.

அண்மையில் அவர் மனைவி என் மனைவியிடம் சொன்னாராம்: "இப்பல்லாம் நானூத்தி எம்பதுலயே மெயின ஆஃப் பண்ணிடறாருக்கா. கேட்டா, மீதி இருபது வாத்தியார் வூட்டு அம்மாவுதுன்றாரு."

தெரு இன்னும் அவரை ஐந்நூறார் என்றே அழைக்கிறது. பிழை திருத்தியே பழகிய நான், இதை மட்டும் திருத்தவில்லை.