தொட்டில், மூன்றாவது வெர்ஷன்

இனிச் செத்தாலும் போனை எடுப்பதில்லை என்று திங்கட்கிழமை காலை சபதம் செய்தேன். பல் துலக்கிக்கொண்டே செய்த சபதம்தான். வாய் முழுக்க நுரை. ஆனால் சபதத்தில் நுரை இல்லை.

என் தொழில் பாட்டுக்கு மாஸ்டரிங் செய்வது. பாடுகிறவர் பாடி, வாசிக்கிறவர் வாசித்து, மிக்ஸிங் செய்கிறவர் எல்லாவற்றையும் ஒன்றாகக் கலந்து முடித்த பிறகு, பாட்டு வெளியே போவதற்கு முன் கடைசியாக என் கைக்கு வரும். காரில் கேட்டாலும் காதில் செருகிக் கேட்டாலும் அது அதுவாக இருக்கவேண்டும். ஓர் ஆல்பத்தில் ஒரு பாட்டு கிசுகிசுத்து, அடுத்த பாட்டு கன்னத்தில் அறையக்கூடாது. அதைப் பார்த்துக்கொள்வது என் வேலை. இதற்குத் தேவை இரண்டே இரண்டு. நல்ல காது, நல்ல அமைதி. காது என்னிடம் இருக்கிறது. அமைதியை என்னிடமிருந்து பிடுங்குவதற்கென்றே இரண்டு தரப்பு கூட்டு சேர்ந்திருக்கிறது. போனில் வாடிக்கையாளர்கள். சுவருக்கு அந்தப் பக்கம் என் மகள். அவளுக்கு வயது ஐந்து மாதம்.

முதலில் வாடிக்கையாளர்கள். ஆளுக்கு ஆள் குரல் வேறு. கேள்வி மட்டும் ஒன்று. மாஸ்டரிங் என்றால் என்ன சார், மிக்ஸிங்கும் அதுவும் ஒன்றுதானே? பாட்டு இன்னும் சத்தமாக வருமா? பாடகருக்குச் சளி பிடித்திருந்தது, அதை எடுத்துவிட முடியுமா? போனில் மெசேஜாக அனுப்பினால் போதுமா? எத்தனை தடவை மாற்றித் தருவீர்கள்? எப்போது கிடைக்கும்? பக்கத்தில் வந்து உட்காரலாமா? கடைசிக் கேள்வி கேட்பவர்கள் பெரும்பாலும் ஏற்கெனவே வாசலில் நிற்பார்கள்.

நானும் பொறுமையாகத்தான் பதில் சொல்லிப் பார்த்தேன். அலைவரிசை, டெசிபல், உச்ச அளவு என்று ஆரம்பிப்பேன். எல்லாம் கேட்டுவிட்டு, "அப்ப இன்னும் சத்தமா வரும்ல சார்?" என்பார்கள்.

ஆகவே சபதம். போனை என் மனைவியிடம் ஒப்படைத்தேன். அவள் கான்வென்ட்டில் படித்தவள். கேள்வியைக் கேட்கும்போதே பதிலை எழுந்து நின்று ஒப்பிக்கும்படி கன்னியாஸ்திரிகள் வளர்த்துவிட்ட பிள்ளை. என் பதில்களை ஒரு தடவை சொன்னேன். பாப்பாவைத் தோளில் போட்டுத் தட்டிக்கொண்டே கேட்டாள். அவ்வளவுதான், பாடம் ஏறிவிட்டது.

ஏறியதோடு நிற்கவில்லை. திருத்தமும் செய்துவிட்டாள். மாஸ்டரிங் என்றால் என்ன என்று ஒருவர் கேட்டதற்கு, என் டெசிபலையெல்லாம் ஓரமாக வைத்துவிட்டு, "சட்டை தைக்கிறது மிக்ஸிங்குங்க, இஸ்திரி போடறது மாஸ்டரிங்" என்றாள். குரலில் சளி இருக்கிறதே என்று அவர் இழுத்திருக்கிறார். "பொத்தான் இல்லாத சட்டைக்கு இஸ்திரி போட்டா பொத்தான் முளைக்காதுங்க" என்று சொல்லிவிட்டாள். மறுமுனையில் இருந்தவர் தெளிவடைந்து, நன்றி சொல்லி, தானாகவே போனை வைத்தார். என் தொழில் வாழ்க்கையில் ஒருவரும் தானாகப் போனை வைத்ததில்லை. எனக்குக் கொஞ்சம் வருத்தமாகக்கூட இருந்தது.

சரி, ஒரு தரப்பு ஒழிந்தது. மற்றது தொட்டில்.

பாப்பாவின் தொட்டில் ஒரு பக்கம் போகும்போது 'க்ரீச்' என்னும். திரும்பி வரும்போது 'க்ரூச்' என்னும். வேறு வீடாக இருந்தால் அது தொட்டில் சத்தம். எனக்கு அது பாட்டின் நடுவில் எவனோ எலியை மிதிப்பது மாதிரி. அந்த வாரம் என்னிடம் இருந்தது சாதாரண ஆல்பம் அல்ல. வாடிக்கையாளர்களிலேயே கொடுமையானவருடையது. 'இன்னும் கொஞ்சம்' என்பது அவருக்கு நாங்கள் வைத்த பெயர். இன்னும் கொஞ்சம் சத்தம், இன்னும் கொஞ்சம் இனிப்பு, இன்னும் கொஞ்சம் ஆகாயம் என்று கேட்பார். ஆகாயத்தை எந்தக் குமிழைத் திருகி ஏற்றுவது என்று எனக்கு இதுவரை தெரியாது. வெள்ளிக்கிழமை ஆல்பம் வெளியாக வேண்டும்.

செவ்வாய்க்கிழமை நான் வாயைத் திறந்தேன்.

"ஒண்ணு, தொட்டில் சத்தம் நிக்கணும். இல்லன்னா இந்த ஆல்பம் முடியற வரைக்கும் நீயும் பாப்பாவும் உங்க அம்மா வீட்டுல இருங்க. நான் அத்தைகிட்ட பேசிட்டேன். ரூம் ஒழிச்சு வைக்கிறேன்னு சொல்லிட்டாங்க."

பாப்பா தூங்கிக்கொண்டிருந்தாள். என் மனைவி குனிந்து பாப்பாவின் மூக்குக்குக் கீழே விரலை வைத்துப் பார்த்தாள். பிள்ளை பிறந்த நாளிலிருந்து இந்தப் பழக்கம். கேட்டால் சிரித்து மழுப்புவாள். ஆனால் விரலை எடுக்கும்வரை அவள் மூச்சு விடமாட்டாள்.

"அம்மா வீட்டுல தொட்டிலு சத்தமே போடாதுங்க" என்றாள்.

"அதைத்தானே நானும் சொல்றேன்."

"நான் அடுப்படியில நிக்கறப்ப இந்த க்ரீச்சு கேட்டுட்டே இருந்தாத்தான் எனக்குக் கையே ஓடும். ஆடுது, அசையறா, நல்லா இருக்கான்னு தெரியும். சத்தம் நின்னா ஓடி வந்து பாத்துக்கலாம். சத்தமே போடாத தொட்டில்ல பிள்ளையப் போட்டுட்டு நான் எப்படிங்க தூங்கறது?"

நியாயமாக அந்த இடத்தில் நான் ஏதாவது மனிதன் மாதிரி பேசியிருக்கவேண்டும். பேசவில்லை. வெள்ளிக்கிழமை என்றேன். கடைக்குப் போய் மிஷின் எண்ணெய் டப்பா ஒன்று வாங்கி வந்தேன். நீண்ட மூக்கு வைத்த சின்ன டப்பா. மூக்கு நுனியை வெட்டினால் சொட்டுச் சொட்டாக விழும். அதை அவள் கையில் கொடுத்து, தொட்டில் கொக்கிக்கு விடு, இல்லையென்றால் பெட்டியைக் கட்டு என்று சொல்லிவிட்டு என் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டேன். வீட்டுக்கு வீடு ஆண்கள் இப்படித்தான் ஜெயிக்கிறார்கள் என்று நினைத்துக்கொண்டேன்.

புதன்கிழமை 'இன்னும் கொஞ்சம்' மூன்று தடவை போன் செய்தார். மூன்றையும் அவள்தான் சமாளித்தாள். நான் அனுப்பியிருந்த ஒரு பாட்டின் முதல் வெர்ஷனில் குரல் ஒரு மயிரிழை பின்னால் நிற்கிறதாம். முன்னால் கொண்டுவரவேண்டுமாம். குரல் நிற்கவேண்டிய இடத்தில்தான் நின்றுகொண்டிருந்தது. நான் தேநீர் குடித்தேன். கொஞ்சம் நடந்தேன். பிறகு அதே ஃபைலுக்கு 'வெர்ஷன் இரண்டு' என்று பெயர் மாற்றி அனுப்பினேன். சாயங்காலம் அவரிடமிருந்து பதில் வந்தது. எவ்வளவோ பரவாயில்லையாம், ஆனால் இன்னும் கொஞ்சம். வியாழக்கிழமை காலை அதே ஃபைல், 'வெர்ஷன் மூன்று'. மனிதர் போனில் தழுதழுத்தார். இதுதான் சார் நான் மனசுல கேட்டது என்றாராம்.

இந்தச் சாமர்த்தியத்தை நான் அன்றுவரை யாரிடமும் சொன்னதில்லை. அன்று பெருமை தாங்கவில்லை. சாப்பிடும்போது அவளிடம் சொன்னேன்.

"ஒண்ணுமே மாத்தலையா?" என்றாள்.

"பேரை மாத்தினேன்."

"அவருக்குத் தெரியவே இல்லையா?"

"எப்படித் தெரியும்? மாத்தியிருக்குன்னு சொல்லிட்டா போதும், கேக்கறவன் காது தானா மாறிடும். மனுஷக் காது அப்படி."

"எல்லாருக்குமாங்க?"

"எல்லாருக்கும்தான்."

என்னைத் தவிர என்று சொல்லியிருக்கவேண்டும். ரசத்தில் கவனமாக இருந்துவிட்டேன். "ஓகேன்னு சொன்னப்புறம் திரும்ப வந்து ஏதாவது கேட்டா?" என்றாள். "ஓகே சொன்னா முடிஞ்சுது. அதுக்கப்புறம் எதைத் தொட்டாலும் புது வேலை. வரிசையில வரணும்" என்றேன். தலையை ஆட்டிக்கொண்டாள். பாடம் கேட்கும்போது ஆட்டுகிற அதே ஆட்டல்.

சாப்பிட்டு முடித்து நான் அறைக்குள் நுழைந்தேன். ஆல்பத்தில் இன்னொரு பாட்டு மிச்சம். உட்கார்ந்ததும் சுவருக்கு அந்தப் பக்கம் க்ரீச். க்ரூச்.

கதவைத் திறந்து, எண்ணெய் விட்டாயா இல்லையா என்று கேட்டேன்.

"விடப்போறேங்க. வந்த வரிசையிலதானே செய்ய முடியும்? முதல்ல பாப்பா துணி இருக்கு."

பக்கத்தில் நின்று பார்க்கிறேன் என்றேன். முகத்தில் ஒரு சலனமும் இல்லாமல் அவள் சொன்னாள்: "கிளையன்ட் பக்கத்துல உக்காந்தா வேலை ஓடாதுங்க. முடிச்சிட்டுச் சொல்றேன், உங்க ரூம்ல உங்க இடத்துல உக்காந்து கேளுங்க. அப்பத்தானே சரியா தெரியும்?"

எங்கேயோ கேட்ட வாக்கியமாக இருந்தது. ஆனால் சரியான வாக்கியம். போய் உட்கார்ந்தேன்.

சற்று நேரத்தில் கதவைத் தட்டினாள். முடிந்தது, கேட்டுப் பாருங்கள் என்று சொல்லிவிட்டுப் போனாள். கண்ணை மூடிக்கொண்டேன். நான் முக்கியமான விஷயங்களைக் கண்ணை மூடிக்கொண்டுதான் கேட்பேன்.

க்ரீச். க்ரூச்.

உண்மையைச் சொல்கிறேன், வித்தியாசம் தெரிந்தது. மேலே ஒரு கூர்மை இருந்ததே, அது மழுங்கியிருந்தது. எலி இப்போது செருப்பில்லாத காலால் மிதிபட்டது. ஆனாலும் திரும்பி வரும் க்ரூச்சில் ஒரு கரகரப்பு மிச்சமிருந்தது. அவளைக் கூப்பிட்டு, போகிறது சுத்தம், வருகிறதுதான் இன்னும் கொஞ்சம் குறையவேண்டும் என்று விளக்கினேன். அவள் மிகவும் அக்கறையாகக் கேட்டுக்கொண்டாள்.

"முன்னாடி எப்படி இருந்துச்சுன்னு உங்களுக்கு ஞாபகம் இருக்காங்க?"

"எனக்கா? நான் கேட்ட சத்தத்தை மறப்பேனா?"

"இல்ல, சும்மாதான் கேட்டேன்" என்று போனாள்.

மறுபடியும் தட்டினாள். மறுபடியும் கண்ணை மூடினேன். இந்த முறை எதுவும் சொல்லத் தேவையில்லை. க்ரீச் என்பது காற்றில் இலை நகர்வது மாதிரி. க்ரூச் என்பது இல்லவே இல்லை என்று சொல்லலாம். இருந்தாலும் அது சத்தமில்லை, ஒரு நினைவு. எழுந்து வெளியே போனேன். அவள் தொட்டில் கயிற்றைப் பிடித்தபடி என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். பரீட்சை முடிவுக்கு நிற்கிற பிள்ளை மாதிரி கொஞ்சம் பயந்திருந்தாள்.

"பாத்தியா, சொன்னா செய்ய முடியுது. இதை முதல்லயே செஞ்சிருந்தா இவ்வளவு பேச்சு எதுக்கு?"

"அப்ப ஓகேங்களா?"

"ஓகே."

"நல்லா கேட்டுட்டீங்களா? ஃபைனல்தானே?"

"ஃபைனல்தான்மா. நீ எங்கயும் போக வேண்டாம். பாப்பா இங்கேயே இருக்கட்டும்."

அவள் குனிந்து பாப்பாவின் மூக்குக்குக் கீழே விரலை வைத்துப் பார்த்துவிட்டு நிமிர்ந்தாள். அப்போதுதான் அவளுக்கு மூச்சே வந்தது மாதிரி இருந்தது. நான் வாரி வழங்கிவிட்ட திருப்தியோடு அறைக்குத் திரும்பினேன். அன்று பிற்பகல் மாதிரி நான் வேலை பார்த்ததே இல்லை. சுவருக்கு அந்தப் பக்கம் ஒரே அமைதி. கடைசிப் பாட்டையும் முடித்தேன். ஆல்பம் போய்ச் சேர்ந்தது.

வெள்ளிக்கிழமை காலை நான் நாற்காலியில் சாய்ந்ததும் நாற்காலி முனகியது. தொட்டிலுக்கு விட்டது மிச்சமிருக்குமே, இதற்கும் இரண்டு சொட்டு விடலாம் என்று அடுப்படி அலமாரியைத் திறந்தேன். எண்ணெய் டப்பா இருந்தது. எடுத்துக் கவிழ்த்தேன். சொட்டவில்லை. அழுத்தினேன். அப்போதும் சொட்டவில்லை. கண்ணுக்கு நேரே தூக்கிப் பிடித்துப் பார்த்தேன்.

மூக்கு நுனி வெட்டப்படவே இல்லை. டப்பா நிறைய எண்ணெய். கடையில் ஒட்டிய தாள்கூடக் கிழியவில்லை.

அப்போது கேட்டது. க்ரீச். க்ரூச். செவ்வாய்க்கிழமை கேட்ட அதே எலி, அதே மிதி, மேலே அதே கூர்மை, கீழே அதே கரகரப்பு.

டப்பாவைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு கூடத்துக்குப் போனேன். ஓகே சொன்ன பிறகு எதைத் தொட்டாலும் புது வேலை, வரிசையில் வரவேண்டும் என்பது பாதி வழியில் ஞாபகம் வந்தது. இருந்தாலும் கால் நிற்கவில்லை. அவள் ஒரு கையால் தொட்டிலை ஆட்டிக்கொண்டு, மறு கையில் போனை வைத்துத் தன் அம்மாவோடு பேசிக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்தாள். டப்பாவைப் பார்த்தாள். ஆட்டுவதையும் நிறுத்தவில்லை, பேசுவதையும் நிறுத்தவில்லை.

"இல்லம்மா, நாங்க வரல. ரூமெல்லாம் ஒழிக்க வேண்டாம். இங்க ஒரு கிளையன்ட் தொல்லை தாங்கல, அதான். இப்ப ஒண்ணும் இல்ல. மூணாவது வெர்ஷன்ல ஓகே சொல்லிட்டாரு."

டப்பாவும் வாய் திறக்கவில்லை, நானும் திறக்கவில்லை.