ரொறன்ரோ வழியாகப் பெண் பேசிய கதை

கஞ்சத்தனம் என்று ஊர் சொல்வதை ஆராய்ச்சி என்று நான் சொல்லிக்கொண்டு திரிந்த காலம் ஒன்று உண்டு. என் ஆராய்ச்சி முழுவதும் வெளிநாட்டு போன் அழைப்புகளில்தான். மற்ற விஷயங்களில் நான் சாதாரண மனிதன். கடையில் தருகிற மிச்சத்தை எண்ணிக்கூடப் பார்க்க மாட்டேன். ஆனால் இலங்கைக்கு ஒரு போன் எடுக்க வேண்டும் என்றால் எனக்குள் ஒரு விஞ்ஞானி எழும்பி உட்கார்ந்துவிடுவான்.

அப்போது நான் ஒக்லண்டுக்கு வந்து அதிக காலம் ஆகவில்லை. விரி என்ற இடத்தில் ஒரு பெரிய களஞ்சியத்தில் பெட்டி அடுக்குகிற வேலை. மவுண்ட் ஆல்பர்ட்டில் ஒரு பழைய மரவீட்டின் பின்னறையில் வாடகைக்குத் தனியாக இருந்தேன். இன்றைக்குப் போல முகம் பார்த்து இலவசமாகக் கதைக்கிற வசதி ஊரில் எல்லா வீட்டுக்கும் வந்து சேரவில்லை. எனவே தெருமுனை டெயரியில் (பால்கடை என்று நினைக்காதீர்கள், பாணிலிருந்து பற்றரி வரை எல்லாம் விற்கிற மூலைக்கடை) ஒரு போன் கார்ட் வாங்கி, சுரண்டி, அதிலிருக்கிற நீண்ட நம்பரை அமத்தித்தான் ஊருக்குக் கதைக்க வேண்டும்.

அந்தக் கார்டில் போட்டிருக்கிற நிமிடங்கள் ஒன்று, கதைக்கக் கிடைக்கிற நிமிடங்கள் இன்னொன்று. மிச்சம் எங்கே போகிறது? இது தெரியாமல் எனக்குச் சோறு இறங்கவில்லை. லைன் கிடைத்தாலே ஒரு கட்டணம். மொபைலுக்கு எடுத்தால் ஒரு விலை, வீட்டு போனுக்கு எடுத்தால் வேறு விலை. ஒன்றும் கதைக்காமல் கார்டைப் பத்திரமாக வைத்திருந்தால் அதற்கும் ஒரு வெட்டு! கார்டின் பின்பக்கத்தில் எறும்பு போல ஊர்ந்த எழுத்துகளைப் பூதக்கண்ணாடி வைத்துப் படித்த ஒரே மனிதன் நியூசிலாந்தில் நானாகத்தான் இருப்பேன்.

இப்படித் தோண்டிக்கொண்டு போனபோதுதான் புதையல் அகப்பட்டது. என் மொபைல் பிளானில் கனடாவிலுள்ள வீட்டு போன்களுக்கு எவ்வளவு கதைத்தாலும் இலவசம். கனடாவில், ரொறன்ரோவில், என் சித்தப்பா இருக்கிறார். சித்தப்பாவின் வீட்டு போனிலிருந்து இலங்கைக்கு எவ்வளவு கதைத்தாலும் இலவசம். போதாததற்கு, அந்த போனில் மூன்று பேரைச் சேர்த்துக் கதைக்கவிடுகிற பட்டன் ஒன்றும் இருந்தது. அதாவது நான் சித்தப்பாவுக்கு எடுக்க வேண்டும், சித்தப்பா இலங்கைக்கு எடுத்துப் பட்டனை அமத்த வேண்டும், அவ்வளவுதான். ஒரு சதம் செலவில்லாமல் நானும் இலங்கையும் கதைக்கலாம். கண்டுபிடித்த அன்று அந்தச் சின்ன அறைக்குள் நான் ஆடின ஆட்டத்தில் பக்கத்து அறைக்காரன் சுவரில் தட்டினான்.

இதில் ஒரேயொரு சங்கடம். சித்தப்பா போனை வைத்தால் எல்லாம் அறுந்துபோகும். ஆகையால் அவர் போனைத் திறந்தபடி குசினி (சமையலறைதான்) மேசையில் வைத்து, தங்கள் வீட்டுச் சத்தம் எங்களுக்குக் கேட்காமல் இருக்க மியூட் பட்டனை அமத்திவிட்டு, தன் பாட்டில் போய்விடுவார். யாழ்ப்பாணத்தில் இருக்கிற அம்மாவோடு மாதக்கணக்கில் இப்படியே கதைத்தேன். என் குரல் பசிபிக் சமுத்திரத்தைக் கடந்து, ரொறன்ரோவில் ஒரு குசினி மேசையில் இளைப்பாறி, அத்திலாந்திக்கைக் கடந்து அம்மாவின் காதுக்குப் போகிறது என்று நினைக்க நினைக்க எனக்குப் புல்லரிக்கும். அம்மாவுக்குப் புல்லரிக்கவில்லை. "கிணத்துக்குள்ள நிண்டு கதைக்கிற மாதிரிக் கிடக்கடா" என்பார்.

அந்த நாட்களில்தான் மன்னாரிலிருந்து ஒரு தரகர் மூலம் றெஜினாவின் சம்பந்தம் வந்தது. பள்ளிக்கூட ரீச்சர். படத்தில் கமெராவைப் பார்த்து "நீ ஆர்?" என்று விசாரிப்பது போல நின்றாள். எனக்கு அந்தப் பார்வை பிடித்துப்போனது. இதிலே பகிடி ஒன்றும் இல்லை, மிகவும் பிடித்துப்போனது. படத்தைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு வேலைக்குப் போனேன்.

பெண்வீட்டார் ஒரு நிபந்தனை போட்டார்கள். பெண் மாப்பிள்ளையோடு ஒருதரம் கதைக்க வேண்டும், பிறகுதான் முடிவு. வெளிநாட்டில் ஏற்கெனவே ஒரு குடும்பத்தை வைத்துக்கொண்டு ஊரில் வந்து இன்னொரு தாலி கட்டிய மாப்பிள்ளைமார் கதை அவர்கள் மாதா கோயில் பங்கிலேயே ஒன்றிரண்டு இருந்ததாம். அதனால் பெண்ணின் பப்பா பக்கத்திலே இருக்க, வீட்டு போனில், ஞாயிறு காலைப் பூசைக்குப் போக முன்னம் கதைப்பது என்று ஏற்பாடு.

"டேய் அன்ரன், அண்டைக்காவது நேர எடுத்துக் கதை" என்றார் அம்மா.

"ஏனம்மா? கதை நீண்டு போச்செண்டால் கார்ட் இடையில அறுந்திடும். சித்தப்பா வழியா எண்டால் நாள் முழுக்கக் கதைக்கலாம்."

"உன்ர விருப்பம். நாசமாப் போ" என்று அம்மா ஆசீர்வதித்தார்.

அந்த ஞாயிற்றுக்கிழமை ஒக்லண்டில் மதியம் தாண்டியிருந்தது. மன்னாரில் காலை, ரொறன்ரோவில் சனிக்கிழமை இரவுச் சாப்பாட்டு நேரம். சட்டைக்கு அயர்ன் போட்டு, தலைக்கு எண்ணெய் வைத்து, போனுக்கு முன்னால் உட்கார்ந்தேன். (போனில் சட்டை தெரியாது என்பது எனக்கும் தெரியும்.)

"எல்லாம் ரெடி மகன்" என்றார் சித்தப்பா. "இண்டைக்கு இஞ்ச கெவின்ர பிறந்தநாள், கொஞ்ச ஆக்கள் நிக்கினம். நீ ஒண்டுக்கும் யோசியாத. மியூட்டை அமத்திப்போட்டுப் போறன்." கெவின் என்பது சித்தப்பாவின் கடைக்குட்டி. அன்று அவனுக்கு ஐந்து வயது.

மன்னாரில் பெண்ணின் பப்பா எடுத்தார். இரண்டு வார்த்தை கதைத்துவிட்டு மகளிடம் போனைக் கொடுத்தார்.

"ஹலோ" என்றாள் றெஜினா. குரலும் படத்தைப் போலவே விசாரித்தது. சுற்றி வளைக்கவில்லை. "நீங்கள் அங்க தனியவோ இருக்கிறியள்?"

"ஓம், தனியத்தான்" என்று நான் உடனே சொன்னேன். அந்த 'உடனே'யில்தான் பிரச்சினை. உலகத்தைச் சுற்றிப் போகிற குரல் அவ்வளவு கெதியாகப் போய்ச் சேராது. அம்மாவோடு கதைக்கும்போது அதை நான் கவனித்ததே இல்லை, அம்மா இடைவெளி விட்டால்தானே! இங்கே நான் பட்டென்று சொன்னதெல்லாம் மன்னாரில் நன்றாக யோசித்துச் சொன்ன பதில் போலக் கேட்டிருக்கிறது.

"குடிப்பீங்களோ?"

இடைவெளி. "இல்லை."

"முந்தி ஆரையும் விரும்பி இருந்தனீங்களோ?"

இன்னும் பெரிய இடைவெளி. "சீ சீ, இல்லை."

பொய் சொல்கிறவன்கூட இவ்வளவு நேரம் எடுக்க மாட்டான். அதற்குள் எனக்குக் கோப்பைகள் முட்டுகிற சத்தம் கேட்டது. மன்னாரில் காலைச் சாப்பாடு நடக்கிறது போல என்று நினைத்தேன். அவளுக்கும் அதே சத்தம் கேட்டிருக்கிறது.

"உங்கட பக்கம் ஆக்கள் நிக்கிற மாதிரிக் கேக்குதே?"

"ஒருத்தரும் இல்லை. நான் தனிய அறைக்குள்ள இருக்கிறன்" என்று சத்தியம் செய்யாத குறையாகச் சொன்னேன். அந்தக் கணத்தில், எங்கள் இருவருக்கும் நடுவில், கணீரென்று ஒரு பெண்குரல் எழுந்தது.

"இஞ்சாருங்கோ! பிள்ளை கேக் வெட்டப் பாத்துக்கொண்டு நிக்குது. நீங்கள் இன்னும் அந்த போனைக் கட்டிப்பிடிச்சுக்கொண்டே நிக்கிறியள்?"

சின்னம்மா! சித்தப்பாவின் மனைவி. எங்கள் பக்கத்தில் மனைவிமார் கணவனைப் பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை, 'இஞ்சாருங்கோ'தான். சின்னம்மா மட்டும் அன்றைக்குச் சித்தப்பாவின் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டிருந்தால் நான் தப்பியிருப்பேன். நான் வாயைத் திறக்கிறதுக்கிடையில் கெவின் வந்துவிட்டான்.

"டாடி! மம்மி இஸ் கோலிங் யூ!"

அதற்குப் பிறகாவது சித்தப்பா பேசாமல் இருந்திருக்கலாம். எங்கள் குடும்பத்து ஆண்களுக்கெல்லாம் ஒரே தொண்டை. கண்ணை மூடிக் கேட்டால் நானா, சித்தப்பாவா என்று அம்மாவே தடுமாறுவார். அந்தத் தொண்டையால் சித்தப்பா சொன்னார்: "வாறனப்பா, வாறன்! இந்த மன்னார்ப் பிள்ளையின்ர அலுவல் முடியட்டும். சத்தம் போடாதை, அவைக்குக் கேக்கப் போகுது!"

"சித்தப்பா! மியூட்! மியூட்!" என்று நான் கத்தினேன். அது பசிபிக்கைத் தாண்டுவதற்குள் மன்னாரில் போனை வைத்துவிட்டார்கள். சித்தப்பா அமத்தியது மியூட்டை இல்லை, ஸ்பீக்கரை.

கார்ட் போட்டு மன்னாருக்கு எடுத்தேன். யாரும் எடுக்கவில்லை. திரும்ப எடுத்தேன், திரும்பவும் எடுத்தேன். கொஞ்ச நேரத்தில் அம்மாவிடமிருந்து மிஸ்ட் கோல் வந்தது. அதே கார்டில் அம்மாவுக்கு எடுத்தேன். பெண்வீட்டார் சொன்னதோடு தரகர் அதற்குள் அம்மாவைப் பிடித்துவிட்டார்: மாப்பிள்ளை நியூசிலாந்து என்று சொன்னீர்கள், எங்கள் போனில் விழுந்த நம்பரோ கனடா. வீட்டில் மனைவி, பிள்ளை, பிறந்தநாள் கொண்டாட்டம் வேறு. சம்பந்தம் சரிவராது.

"அம்மா, அது சித்தப்பா வீடு..."

"எனக்கு உண்மையைச் சொல்லு" என்றார் அம்மா. "பேரனுக்கு என்ன பேர் வைச்சிருக்கிறாய்?"

பெற்ற தாயே! அம்மாவுக்கு விளங்கப்படுத்தி முடிப்பதற்குள் கார்ட் அறுந்துபோனது.

அன்று பின்னேரம் முழுக்க அந்த அறைக்குள் அவளுடைய படத்தைச் சட்டைப் பையிலிருந்து எடுப்பதும் திரும்ப வைப்பதுமாக இருந்தேன். பெண் கிடைக்காமல் போவது ஒரு பக்கம். அந்தப் படத்திலிருக்கிற கண்கள் என்னை ஏமாற்றுக்காரன் என்று நினைத்துக்கொண்டு பூசைக்குப் போயிருக்குமே, அதைத்தான் தாங்க முடியவில்லை. உண்மையைச் சொல்லலாம். என்னவென்று சொல்வது? உங்களோடு கதைக்கக் காசு செலவழிக்க மனம் வராமல் கனடா குசினி ஒன்றைப் பாவித்தேன் என்றா? கள்ளன் என்ற பெயரா, கஞ்சன் என்ற பெயரா, எது பரவாயில்லை என்று யோசித்துக்கொண்டே விடிய வைத்தேன்.

அடுத்த நாள் வேலையில் பின்னேரத் தேத்தண்ணி இடைவேளை. தெரியாத இலங்கை மொபைல் நம்பர் ஒன்றிலிருந்து மிஸ்ட் கோல் வந்தது. களஞ்சியத்துக்குப் பின்னால் ஓடினேன். மொபைலுக்கு எடுத்தால் என்ன விலை என்று பார்க்காமல், கார்ட் இல்லாமல், சித்தப்பா இல்லாமல் நேராக அமத்தினேன். என் வாழ்க்கையில் அதுதான் முதல்தரம்.

"நான் றெஜினா. மிஸ்ட் கோல் தந்ததுக்குக் குறை நினையாதேங்கோ. போனில இருந்த காசெல்லாம் நேற்று கனடாவோட கதைச்சு முடிஞ்சுது."

"கனடாவோடயோ?"

"ஓம். பப்பா விடச் சொன்னவர். எனக்கு விட மனம் வரேல்லை. மனிசியையும் பிள்ளையையும் மறைக்கிற ஆள், பிள்ளையின்ர பிறந்தநாள் அண்டு, மனிசி பக்கத்தில நிக்கேக்க, வீட்டு நம்பரில இருந்து பொம்பிளை கேட்டு போன் எடுப்பானோ? அவ்வளவு மொக்கன் உலகத்தில இருப்பானோ எண்டு அறிய ஆசையாக் கிடந்துது. போனில விழுந்த நம்பருக்கே எடுத்தன்."

எடுத்தது சின்னம்மா. "நீங்கள் அன்ரன்ர மனிசியோ?" என்று இவள் நேரே கேட்டிருக்கிறாள். அந்தப் பக்கம் முதலில் மூச்சு நின்றதாம், பிறகு சிரிப்பு நிற்கவில்லையாம். சிரித்து முடித்துச் சின்னம்மா கொடுத்த நற்சான்றிதழை றெஜினா எனக்கு அப்படியே ஒப்புவித்தாள்: "என்ர பிள்ளை, அவன் ஒரு பொம்பிளையோட கதைக்கிறதுக்கே காசு பாத்து என்ர குசினியை இரவல் வாங்கினவன். அவனோ ரெண்டு குடும்பம் நடத்தப் போறான்?"

எனக்குக் காது இரண்டும் சுட்டது. பின்னால் போர்க்லிஃப்ட் ஒன்று கூவிக்கொண்டு போனது.

"அன்ரி சொன்னது சரியோ?" என்று கேட்டாள்.

"ஓம். நான் கஞ்சன்தான்" என்றேன். இடைவெளி ஒன்றும் விழவில்லை.

அவள் சிரித்தாள். இடையில் கனடா இல்லாமல் அந்தச் சிரிப்பு பக்கத்தில் நின்று சிரிப்பது போலக் கேட்டது. எனக்குக் கண் கலங்கிவிட்டது.

"அப்ப நான் பப்பாட்டச் சொல்லுறன்."

"என்னெண்டு?"

"மாப்பிள்ளைக்கு வேற குடும்பம் இல்லையாம், கட்டுப்படியாகாதாம் எண்டு. ஆனால் ஒண்டு, இனிமேல் என்னோட கதைக்கிறதெண்டால் நேர எடுக்க வேணும்."

விசா கிடைத்து அவள் வந்து சேரும்வரை நேரேதான் எடுத்தேன். பில் வரும் நாட்களில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு படுத்ததை அவளுக்குச் சொல்லவில்லை. இப்போது ஒக்லண்டிலேயே ஹென்டர்சனில் இருக்கிறோம். எங்களுக்கு ஒரு மகள். தமிழில் கேட்டால் இங்கிலீஷில் பதில் சொல்வாள். இந்தக் கதையை மட்டும் தமிழிலேயே, சின்னம்மாவின் குரலிலேயே, வருகிறவர்களுக்கெல்லாம் நடித்துக் காட்டுவாள்.

போன வருடம் நான் தனியே ஊருக்குப் போகப் புறப்பட்டபோது, கோயில் மண்டபத்தில் ஒரு அக்கா றெஜினாவைப் பிடித்துக்கொண்டார். "மனுசனைத் தனிய அவ்வளவு நாளுக்கு விடுறியே, பயமில்லையோ? அங்க வேற ஒண்டைப் பிடிச்சிட்டால்?"

நான் பக்கத்தில் தேத்தண்ணிக் கோப்பையோடு நின்றேன். றெஜினா என்னை மேலிருந்து கீழ்வரை ஒருதரம் பார்த்தாள், அதே படத்துப் பார்வை.

"இவரோ அக்கா? விலை விசாரிச்சிட்டுத் திரும்பி வந்திடுவார்" என்றாள்.

மண்டபமே சிரித்தது. நான் ஊருக்குப் போனேன், திரும்பியும் வந்துவிட்டேன். (விசாரிக்கவில்லை.)