கமெண்ட் இல்லேன்னா மார்க் இல்ல

இனி இந்த ஜென்மத்தில் பாத்திரம் தேய்ப்பதில்லை என்று ஒரு திங்கட்கிழமை காலையில் சபதம் எடுத்தேன். கையில் கம்பி நார் இருந்தது. அதைக் கீழே வைக்காமல்தான் சபதம் எடுத்தேன். வைத்தால், "என்ன, சத்தத்தையே காணோம்?" என்று ஹாலிலிருந்து மனைவியின் குரல் வரும்.

பதினெட்டு வருஷம் சார்! நேருக்கு நேர் "முடியாது" என்று சொல்ல எனக்குத் தைரியம் கிடையாது. அதனால் காலேஜில் சேர்ந்தேன்.

சிரிக்காதீர்கள். லாரி ஆபீஸ் குமாஸ்தாவுக்கு நாற்பத்தாறு வயதில் வெப் டெவலப்மென்ட் எதற்கு என்று மேனேஜரே கேட்டார். "அறிவு வளர்ச்சிக்கு" என்றேன். உண்மை வேறு. அந்த மாலை வகுப்பில் கடைசியாக ஆளுக்கொரு வெப்சைட் செய்து காட்டினால்தான் பாஸ். நான் செய்யப்போவது, வீட்டு வேலையை எனக்கும் என் மனைவிக்கும் பிரித்துக் கொடுக்கிற வெப்சைட். காலையில் பட்டனை அழுத்தினால் கம்ப்யூட்டரே சீட்டுக் குலுக்கி, யாருக்கு என்ன வேலை என்று சொல்லிவிடும். பாத்திரம் மட்டும் என் பக்கம் வரவே வராது. அது உள்ளே நான் செய்து வைக்கிற ஏற்பாடு.

தினமும் வகுப்பு முடிந்து வந்ததும் அவளிடம் அளப்பேன்.

"உனக்குப் புரியாது. இருந்தாலும் கேளு. எந்தப் பக்கத்துலயும் மவுஸோட வலது பட்டனை அழுத்தினா, உள்ள இருக்கிற கோடிங் பூரா பார்க்கலாம்."

"அப்படியா! எங்க, இன்னொரு தடவை காட்டுங்க?"

காட்டினேன். எந்த ஃபைலைத் திறந்து எப்படித் திருத்துவது என்பதையும் சேர்த்துக் காட்டினேன். வகுப்பில் யாரும் என்னை எதுவும் கேட்பதில்லை. வீட்டில் ஒருத்தி கேட்கிறாளே!

எங்கள் லெக்சரர் என்னைவிடப் பதினைந்து வயது சின்னவர். உடும்புப் பிடி. "எந்த வரியை ஏன் எழுதினீங்கன்னு பக்கத்துலயே கமெண்ட் எழுதணும். கமெண்ட் இல்லேன்னா மார்க் இல்ல" என்பார். கமெண்ட் என்றால் சாதாரண பாஷையில் ஒரு விளக்கம். கம்ப்யூட்டர் அதைப் படிக்காது, தாண்டிப் போய்விடும். மனுஷர்கள்தான் படிப்பார்கள். நானும் மார்க்குக்குப் பயந்து வரிக்கு வரி நேர்மையாக எழுதி வைத்தேன்.

வெப்சைட் தயாரானது. வீட்டுக் கம்ப்யூட்டர் முன்னால் அவளை உட்கார வைத்தேன்.

"இனிமே இது சொல்றதுதான் சட்டம். சம்மதமா?"

"எனக்குச் சம்மதம். உங்களுக்கு?"

"நூறு தடவை சம்மதம்!"

"அப்புறம் பேச்சு மாறக் கூடாது."

"மாறினா என்னை மனுஷனாவே மதிக்காதே!"

"புதுசா ஏதாவது சொல்லுங்க."

முதல் வாரம் எனக்கு வந்ததெல்லாம் செடிக்குத் தண்ணீர், பழைய பேப்பர் அடுக்குதல். பாத்திரம் ஏழு நாளும் அவளுக்கு. ஒரு வார்த்தை பேசாமல் தேய்த்தாள். பேசாமல் என்றா சொன்னேன்? பாட்டு வேறு முணுமுணுத்தாள். அதுதான் என்னைப் பிடுங்கித் தின்றது. நாற்காலியில் உட்கார முடியவில்லை. ஜன்னலுக்குப் போனேன், சமையலறை வாசலுக்கு வந்தேன், மறுபடி ஜன்னலுக்குப் போனேன்.

"என்ன வேணும்?"

"ஒண்ணும் வேணாம்."

"ஒண்ணும் வேணாம்னு சொல்றதுக்கா அஞ்சாவது தடவை வர்றீங்க?"

"இல்ல... உனக்குக் கோபமோன்னு..."

"கம்ப்யூட்டர் மேல யாராவது கோபப்படுவாங்களா?"

மறுபடி ஜன்னலுக்கே போனேன்.

எட்டாம் நாள் காலை பட்டனை அழுத்தினேன். எனக்குப் பாத்திரம் என்றது. மறுபடி அழுத்தினேன். பாத்திரம், பாத்ரூம் என்றது. மூன்றாவது தடவை ஒட்டடையும் சேர்ந்துகொண்டது. அவளுக்குச் செடி மட்டும்.

"இதுல ஏதோ கோளாறு!"

"என்ன கோளாறு? பாத்திரம் உங்களுக்கு வரவே வராதா என்ன?"

வாயைத் திறந்தால் மாட்டிக்கொள்வேன். மூடினால் பாத்திரம். மூடிக்கொண்டேன்.

அவள் குளிக்கப் போனதும் ஃபைலைத் திறந்தேன். நான் எழுதிய கமெண்ட் அப்படியே இருந்தது: "எனக்குப் பாத்திரம் வந்தால் மனைவிக்கு மாற்றிவிடவும். அவளுக்குத் தெரியக் கூடாது." அதன் கீழே புதிதாக இன்னொரு கமெண்ட்: "தெரிஞ்சு போச்சு. குக்கர் அடிப்பிடிச்சிருக்கு, ஊறப் போட்டிருக்கேன்." அதற்கும் கீழே அவள் எழுதிய நாலு வரி கோடிங். அழித்துப் பார்த்தேன். வெப்சைட்டே வெள்ளையாகிவிட்டது. அன்று மாலைதான் ப்ராஜெக்ட் காட்டுகிற நாள். அலறிப்போய் பழையபடி ஒட்டி வைத்தேன்.

லெக்சரர் படித்தார். மேஜையில் கையை ஊன்றிக்கொண்டு சிரித்தார்.

"முழு ப்ராஜெக்ட்லயும் உருப்படியான இடம் இந்த நாலு வரிதான். கமெண்டும் பிரமாதம். யார் எழுதினது?"

"வீட்ல..." என்றேன்.

"அடுத்த பேட்ச்ல அவங்களைச் சேர்த்து விடுங்க. அப்புறம் உங்க பாஸ் மார்க்கைப் பத்திப் பேசலாம்."

பாஸாகிவிட்டேன். இப்போது வாரம் ஐந்து நாள் சாயங்காலம் அவள் காலேஜுக்குப் போகிறாள். பாத்திரம் குவிந்து கிடக்கிறது. வெப்சைட்டைத் தூக்கிவிட்டோம். வீட்டில் இருப்பது நான் ஒருத்தன்தான்; எனக்கும் எனக்கும் நடுவில் எதற்குச் சீட்டுக் குலுக்குவது?