புல்லுக்கு ஆள் இல்லை

"டீச்சர், எம் பொண்ணு புல்லாமே?"

மூன்றாம் வகுப்பு அறிவியல் டீச்சர் நிமிர்ந்து பார்த்தாள். வாசலில் தையல்காரர் நின்றிருந்தார்.

பள்ளி அறிவியல் விழாவுக்கு நான்கே நாள். டீச்சரின் நாடகம் உணவுச் சங்கிலி. புல், வெட்டுக்கிளி, தவளை, பாம்பு, கழுகு என்று ஐந்து பிள்ளைகள். போன வருடம் ஒரு குழந்தைக்கு மண்புழு வேடம் கொடுத்ததற்கு அதன் அத்தை தலைமையாசிரியை வரை போய்விட்டாள். "இன்னொரு புகார் வந்தா நாடகத்தை வேற ஆள்கிட்ட குடுத்துடுவேன்" என்று அவர் சொன்னது டீச்சரின் காதிலேயே குடியிருந்தது.

"புரியுது சார். வெட்டுக்கிளியா மாத்திடறேன்."

"இல்ல டீச்சர், நான் வந்து..."

"ஒண்ணும் சொல்லாதீங்க. மாத்தியாச்சு!"

அவர் திறந்த வாயோடு கொஞ்சம் நின்றுவிட்டுப் போனார்.

மறுநாள் காலையிலேயே வெட்டுக்கிளியின் அம்மா வந்தாள். வக்கீல்.

"நேத்துவரைக்கும் புல்லா இருந்த பொண்ணும் எம் பையனும் இப்ப ஒண்ணா?"

பையன் தவளையானான். மதியம் பழைய தவளையின் மாமா போனில் வந்தார். "ஒரு குளத்துக்கு ரெண்டு தவளை எதுக்குங்க?" அந்தத் தவளை பாம்பானது. பழைய பாம்பின் அப்பா பல் டாக்டர். அவர் சண்டை போடவில்லை. "கொஞ்சம் யோசிங்க" என்று மட்டும் சொன்னார். டீச்சரின் கடைவாய்ப்பல் அவரிடம் பாதி வைத்தியத்தில் நிற்கிறது. பாம்புக்கு உடனே இறக்கை முளைத்தது.

கடைசியாகக் கழுகின் அம்மா வந்தாள்.

"எல்லாரும் ஒரு படி ஏறிட்டாங்க. எங்க பையன் மட்டும் அங்கேயே நிக்கணுமா? கழுகுக்கு மேல என்ன?"

"ஒண்ணும் இல்லீங்க. அதுதான் உச்சி."

"உச்சியில ரெண்டு பேரா?"

"உங்க பையன் பெரிய கழுகு," என்றாள் டீச்சர், களைத்துப்போய்.

இப்போது புல்லுக்கு ஆள் இல்லை. புல் இல்லையென்றால் வெட்டுக்கிளி இல்லை, தவளை இல்லை, கழுகு வரைக்கும் எதுவுமே இல்லை. மூன்று வாரமாக அவள் தொண்டை வறள நடத்திய பாடமே அதுதான்.

"யாராவது புல்லா நடிக்கறீங்களா?"

வகுப்பே தரையைப் பார்த்தது. ஒரே ஒரு கை உயர்ந்தது. அதுவும் பாத்ரூம் போக.

விழா அன்று திரை விலகியபோது, பச்சைப் போர்வையை மூடிக்கொண்டு டீச்சரே மேடையில் குப்புறக் கிடந்தாள். வெட்டுக்கிளி தாவி வந்து, நடிப்பில் ஒன்றிப்போய், தோளில் நிஜமாகவே கடித்தது. "ஐயோ!" என்றது புல். இரண்டு கழுகும் ஒரே பாம்பை ஆளுக்கொரு பக்கம் இழுத்தன. பாம்பு அம்மாவைக் கூப்பிட்டு அழுதது.

தலைமையாசிரியை மேடையோரம் விரைந்து வந்தார். "உங்க டீச்சர் எங்கே?"

"அவங்கதான் புல்லு, மிஸ்," என்றது தவளை. அரங்கம் விழுந்து விழுந்து சிரித்தது.

திரை மூடியதும் தோளைத் தேய்த்துக்கொண்டே டீச்சர் பின்பக்கம் வந்தாள். தையல்காரர் ஒரு துணிமூட்டையோடு காத்திருந்தார். முகத்தைப் பார்க்காமல் மெல்ல அவிழ்த்தார். உள்ளே குழந்தை அளவில் ஒரு பச்சை உடை. நூற்றுக்கணக்கான புல்லிதழ்கள், ஒவ்வொன்றின் நுனியிலும் மஞ்சள் நூல் வேலைப்பாடு. மின்விசிறிக் காற்றுக்கு அத்தனையும் சலசலவென்று அசைந்தன.

"பாதி தைச்சதை விட மனசு வரல, முடிச்சிட்டேன். புல்லு நெட்டையா தைக்கட்டுமா, குட்டையா தைக்கட்டுமான்னு கேக்கத்தான் டீச்சர் அன்னிக்கு வந்தேன்."